சிறு வடிசாலை தொடங்குவது எப்படி: நியூயார்க்கில் இடம் பிடிப்பதிலிருந்து முதல் புட்டி வரை

சாராயம் காய்ச்சுவது என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு மண்ணில் புதைத்த ஊறல் பானையும் அதைத் தேடி வரும் போலீஸ் ஜீப்பும்தான் நினைவுக்கு வரும். நானும் அப்படி நினைத்துத்தான் வளர்ந்தேன். பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் நண்பர்கள் சிலர் ஒரு சிறு வடிசாலை தொடங்கினார்கள். உரிமம், கணக்கு, வரி வேலைகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். அந்த அனுபவத்தில் கற்றதை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களில் இந்தத் தொழிலைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இது.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. மது வடிக்கும் ஆலையை இலங்கையில் வடிசாலை என்பார்கள். அழகான சொல், அதையே எடுத்துக்கொள்கிறேன். வடிக்கும் பாத்திரம் வாலை. சித்த மருத்துவத்தில் தீநீர் இறக்கும் கருவிக்கு இந்தப் பெயர் நெடுங்காலமாக இருக்கிறது. நொதித்த கலவைக்கு ஊறல் என்பதைவிட நல்ல சொல் கிடையாது.

வரிசை மாறினால் பணம் போகும்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வாலையை வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். பளபளக்கும் செம்பு வாலையைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிடும், புரிகிறது. ஆனால் சட்டம் வேறு வரிசையில் யோசிக்கிறது. மத்திய அரசின் உரிமம் உங்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை. இன்ன முகவரியில், இன்ன கட்டடத்தில், இன்ன கொள்ளளவுள்ள வாலையோடு இன்னார் நடத்தும் ஆலை என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கிடைக்கிறது. ஆகவே இடம் உறுதியாகாமல் விண்ணப்பமே போட முடியாது. விண்ணப்பம் போட்டு அனுமதி வரும்வரை ஒரு சொட்டுகூட வடிக்க முடியாது. அந்த இடைவெளி முழுக்க வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

தொடங்கும் முன்னரே மூடிய சிறு வடிசாலைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய சரக்கில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த இடைவெளிக்குப் பணம் ஒதுக்காமல் விட்டதுதான் அவர்களை முடித்தது. முதல் கையெழுத்திலிருந்து முதல் புட்டி விற்பனை வரை ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முடிந்தால் நல்லது.

முதல் படி: நீங்கள் தகுதியானவரா?

டி.டி.பி. எனப்படும் மது, புகையிலை வரி மற்றும் வணிகப் பணியகம்தான் மத்திய அரசின் சார்பில் இதைப் பார்க்கிறது. அது கருவூலத் துறையின் கீழ் வருகிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்குக் காரணம் புரியும். அவர்களுடைய முதல் அக்கறை வரி.

கடந்த 5 ஆண்டுகளுக்குள் பெருங்குற்றத்துக்கான தண்டனையோ, 3 ஆண்டுகளுக்குள் மது தொடர்பான மத்திய அரசுச் சட்டத்தின் கீழ் சிறு குற்றத்துக்கான தண்டனையோ இருந்தால் அனுமதி மறுக்கப்படும். நிறுவனத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்கள் தங்களைப் பற்றிய விவரங்களைத் தர வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று வங்கிக் கணக்கு அறிக்கையோடு காட்ட வேண்டும். "மாமா கொடுத்தார்" என்று சொன்னால் போதாது. மாமா எதிலிருந்து கொடுத்தார், கடனா நன்கொடையா என்பதற்கும் எழுத்தில் சான்று வேண்டும்.

நம்மவர்களுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, எச்1பி விசாவில் இருப்பவர் முதலீடு செய்யலாம், ஆனால் விசா எடுத்துக்கொடுத்த நிறுவனத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்ய முடியாது. தன் சொந்த வடிசாலையில் ஊறல் கிளறுவதும் வேலைதான். குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் இதில் இறங்காதீர்கள்.

இரண்டாவதைப் பலர் கடைசி நிமிடத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள். மதுவிலக்கு 1933 டிசம்பர் 5 அன்று முடிந்தபின் அமெரிக்காவில் உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறைக் கடைக்காரர் என்று மூன்றடுக்கு முறை வந்தது. ஓர் அடுக்கில் இருப்பவர் மற்றொன்றில் பங்கு வைத்திருப்பதைச் சட்டம் தடுக்கிறது. நியூயார்க்கில் இது கண்டிப்பானது. மச்சான் நடத்தும் உணவகத்தில் உங்களுக்குச் சிறு பங்கு இருந்து, அந்த உணவகத்துக்கு மது உரிமம் இருந்தால், வடிசாலை உரிமம் சிக்கலாகும். மதுக்கடை வைத்திருக்கும் கூட்டாளியைச் சேர்த்துக்கொண்டாலும் அப்படியே. பங்குதாரர் பட்டியலை முடிவு செய்யும் முன்பே ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: இடம்

இதற்குத்தான் அதிக நாள் செலவழிக்க வேண்டும். அதனால் நானும் இங்கே கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

வீட்டில் முடியாது. வீட்டோடு சேர்ந்த கொட்டகை, முற்றம், வேலிக்குள் இருக்கும் இடம் எதிலும் வடிசாலை அமையக் கூடாது என்று மத்திய சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பதிவில்லாமல் காய்ச்சுவதற்குச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் எழுதப்பட்டிருக்கிறது. 2024 ஜூலையில் டெக்சாஸில் ஒரு மத்திய நீதிமன்றம் வீட்டில் வடிப்பதற்கான தடையை எதிர்த்த ஒரு சங்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதை நம்பி யாரும் அடுப்பு பற்றவைக்க வேண்டாம். தொழிலாகச் செய்து விற்பவருக்கு அந்த வழக்கு எந்தக் கதவையும் திறக்கவில்லை.

அடுத்தது நிலப் பயன்பாட்டு விதி. நகராட்சியின் வரைபடத்தில் அந்த மனை எந்த வகை என்று பாருங்கள். பல சிற்றூர்களின் விதிப் புத்தகத்தில் வடிசாலை என்ற சொல்லே இருக்காது. இல்லாத ஒன்றுக்கு அனுமதியும் இல்லை என்று அதிகாரி சொல்லலாம், லேசான உற்பத்தித் தொழில் என்று எடுத்துக்கொள்ளவும் செய்யலாம். எழுத்தில் பதில் வாங்காமல் குத்தகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கார்டினர் என்ற ஊரில் உள்ள டட்டில்டவுன் ஸ்பிரிட்ஸ் கதை இங்கே பொருத்தமானது. ரால்ப் எரென்சோ அங்கே ஒரு பழைய மாவு ஆலை இருந்த நிலத்தை வாங்கியது பாறை ஏறுபவர்களுக்குத் தங்குமிடம் கட்டத்தான். அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், அந்தத் திட்டம் நின்றது. பிறகு பிரையன் லீயுடன் சேர்ந்து 2003-இல் அந்த இடத்தை வடிசாலையாக்கினார். மதுவிலக்குக் காலத்துக்குப் பின் நியூயார்க் மாநிலத்தில் விஸ்கி வடித்த முதல் ஆலை அது. அங்கே சிறு பீப்பாய்களில் பிறந்த ஹட்சன் பேபி பர்பன் பெயர் வாங்கியது. 2010-இல் அந்த விஸ்கிப் பெயரையும் 2017-இல் ஆலையையும் ஸ்காட்லாந்தின் வில்லியம் கிராண்ட் அண்ட் சன்ஸ் வாங்கிக்கொண்டது. ஊர்க்காரர்களின் எதிர்ப்பு ஒரு திட்டத்தை எவ்வளவு எளிதாக நிறுத்தும் என்பதை இதில் கவனியுங்கள். விண்ணப்பம் போடும் முன்பே அக்கம்பக்கத்தாரைப் போய்ப் பாருங்கள்.

இனி தீ. வடிசாலையில் மிகப் பெரிய ஆபத்து இதுதான். தூய எத்தனால் ஏறக்குறைய 13 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். காற்றில் அந்த ஆவி 3.3 சதவீதத்திலிருந்து 19 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய்த் தள்ளி இருக்கும் சுடரைக்கூட எட்டும். 2015 ஏப்ரலில் கென்டக்கி மாநிலத்தின் ஹார்டின் ஊரில் ஒரு சிறு வடிசாலையில் நடந்த வெடிப்பில் இருவர் படுகாயமடைந்தார்கள். அவர்களில் ஒரு இளைஞர் இறந்துபோனார். வாலையில் அழுத்தம் ஏறினால் வெளியேற வால்வும், உள்ளே வெற்றிடம் உருவானால் காற்று நுழைய வழியும் சரியான அளவில் இருக்கின்றனவா என்று தகுதியான பொறியாளரிடம் காட்டாமல் எந்த வாலையையும் சூடேற்றாதீர்கள். விலை மலிவு என்று இணையத்தில் வாங்கும் வாலைகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கட்டட விதி, தீ விதி இரண்டும் எரியும் திரவத்துக்கு ஓர் உச்ச அளவு வைத்திருக்கின்றன. பல ஊர்கள் பின்பற்றும் சர்வதேசக் கட்டட விதித்தொகுப்பில் சாதாரணக் கட்டடத்தின் ஒரு பகுதியில் 120 கேலன் வரை வைக்கலாம். கட்டடம் முழுக்கத் தானியங்கி நீர்த்தெளிப்பான் இருந்தால் 240 கேலன். அதைத் தாண்டினால் கட்டடம் அபாய வகைக்குப் போய்விடும், சுவர் முதல் கதவு வரை எல்லாம் மாறும். பீப்பாயில் இருக்கும் மதுவை எப்படிக் கணக்கிடுவது என்பது உங்கள் ஊர் விதித்தொகுப்பின் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் குத்தகைக்கு முன் தீயணைப்பு அதிகாரியை அந்தக் கட்டடத்துக்கே அழைத்துப் போங்கள். நாங்கள் முதலில் பார்த்த கட்டடத்தில் நீர்த்தெளிப்பான் இல்லை, தெருவில் இருந்த நீர்க்குழாய் அதற்குப் போதிய அளவிலும் இல்லை. தரையில் வடிகால் வெட்டும் செலவையும் சேர்த்துப் பார்த்தபோது வாலையின் விலையைத் தாண்டியது. நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை.

கழிவு நீரையும் பாருங்கள். 1,000 லிட்டர் ஊறலை வடித்தால் 800 லிட்டருக்கு மேல் சுடச்சுடக் கசடு மிஞ்சும். அதைச் சாக்கடையில் விட நகராட்சி எளிதில் ஒப்புக்கொள்ளாது, அதில் கரிமப் பொருள் அதிகம். பக்கத்துப் பண்ணைக்காரர் மாட்டுக்கும் பன்றிக்கும் எடுத்துக்கொண்டால் இருவருக்கும் லாபம். எங்களுக்கு அப்படி ஒரு பால்பண்ணைக்காரர் கிடைத்தார். வாரம் இருமுறை தொட்டி கொண்டுவருவார். அவர் வராத வாரத்தில் வடிப்பதையே தள்ளிப்போட்டிருக்கிறோம்.

குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு விதியை வலியுறுத்திக் கேளுங்கள்: மத்திய, மாநில உரிமம் கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் ரத்து, உரிமம் வரும்வரை பாதி வாடகை. எல்லா உரிமையாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் காலியாகக் கிடக்கும் பழைய தொழிற்கூடத்தின் உரிமையாளர் பேரம் பேசத் தயாராகவே இருப்பார்.

மூன்றாம் படி: மத்திய அரசு விண்ணப்பம்

நிறுவனத்தை எல்.எல்.சி.யாகப் பதிவு செய்து வரி எண் வாங்குவது ஒரு நாள் வேலை. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

அதன்பின் டி.டி.பி.யின் பெர்மிட்ஸ் ஆன்லைன் தளத்தில் இரண்டைச் சேர்த்துக் கேட்கிறீர்கள்: ஆலையின் பதிவு (படிவம் 5110.41), மற்றும் அதை நடத்த அனுமதி. விண்ணப்பக் கட்டணம் கிடையாது. மத்திய அரசின் ஆண்டு உரிம வரியும் 2008 ஜூலை 1 முதல் இல்லை. இந்த இரண்டையும் வைத்து "உரிமம் இலவசம்" என்று சொல்பவர்கள் உண்டு. காத்திருக்கும் மாதங்களின் வாடகையை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

விண்ணப்பத்தோடு போக வேண்டியவை: குத்தகை நகல், கட்டடத்தின் அளவுகளோடு வரைபடம், ஒவ்வொரு வாலையின் வகை, தயாரிப்பாளர், வரிசை எண், கொள்ளளவு, பாதுகாப்பு ஏற்பாடு பற்றிய குறிப்பு, சுற்றுச்சூழல் படிவமும் நீர்த் தரப் படிவமும் (5000.29, 5000.30), பங்குதாரர் விவரங்கள், பணத்தின் மூலம், யார் கையெழுத்திடலாம் என்ற அதிகாரப் பத்திரம்.

பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வருவது வரைபடத்தால். வடிப்பதும் சேமிப்பதும் புட்டியில் அடைப்பதும் நடக்கும் பகுதிக்கு வரி கட்டப்படாத சரக்கு இருக்கும் பகுதி என்று பெயர். அதன் எல்லையைச் சுவர் சுவராக, கதவு கதவாகக் காட்ட வேண்டும், பூட்டு எங்கே என்பதும் தெரிய வேண்டும். விருந்தினருக்கு ஊற்றிக் கொடுக்கும் சுவைக்கூடம் அந்த எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். அங்கே போகும் ஒவ்வொரு புட்டியும் வரிக் கணக்கில் ஏறிய புட்டி. எங்கள் முதல் வரைபடத்தில் சுவைக்கூடத்தின் கழிப்பறைக்குப் போகும் வழி பீப்பாய் அறை வழியாக இருந்தது. ஒரு கேள்வி வந்தது, திருத்தி அனுப்பினோம், மூன்று வாரம் போனது.

வரிக்கு உத்தரவாதமாகக் கொடுக்கும் ஈட்டுப் பத்திரம் பற்றிப் பழைய கையேடுகள் நிறைய பயமுறுத்தும். 2017 முதல், ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் மத்திய கலால் வரி வராத ஆலைகளுக்கு அது தேவையில்லை. சிறு வடிசாலை எதுவும் முதல் சில ஆண்டுகளில் அந்த எல்லையைத் தொடாது. ஏன் என்பது கீழே வரிக் கணக்கில் தெரியும்.

உணவு மற்றும் மருந்து நிர்வாகத்திலும் பதிவு செய்ய வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் அதைப் புதுப்பிக்க வேண்டும். பலர் மறந்துவிடும் வேலை இது.

நான்காம் படி: மாநில உரிமம்

மத்திய அனுமதி மட்டும் இருந்தால் வடிக்க முடியாது, மாநிலத்தின் அனுமதியும் வேண்டும். ஒவ்வொரு மாநிலமும் தனி நாடு மாதிரி. பென்சில்வேனியாவில் மதுக்கடைகளை மாநில அரசே நடத்துகிறது. டாஸ்மாக் பார்த்தவர்களுக்கு அங்கே அந்நியமாக எதுவும் தோன்றாது. நியூ ஜெர்சி 2013-இல் ஆண்டுக்கு 20,000 கேலன் வரை வடிப்பவர்களுக்கென்று தனி உரிமம் கொண்டுவந்தது.

நியூயார்க்கில் 2007-இல் வந்த பண்ணை வடிசாலைச் சட்டம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஆண்டுக்கு 75,000 கேலன் வரை வடிக்கலாம். மூலப்பொருளில் குறைந்தது 75 சதவீதம் நியூயார்க்கில் விளைந்ததாக இருக்க வேண்டும். அதற்கு ஈடாகச் சொந்த ஆலையிலேயே சுவைக்கக் கொடுக்கலாம், கோப்பையில் விற்கலாம், புட்டியாக விற்கலாம். 2024 ஆகஸ்டில் கையெழுத்தான சட்டத்தால் சிறு வடிசாலைகள் வாடிக்கையாளர் வீட்டுக்கே அனுப்பவும் வழி பிறந்தது.

இந்த உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பல சிறு வடிசாலைகள் மத்திய மேற்கு மாநிலங்களின் பெரிய ஆலைகளிலிருந்து நடுநிலை எத்தனாலை, அதாவது தனிச் சுவையோ மணமோ இல்லாத ஆல்கஹாலை, வாங்கி, வடிகட்டி வோட்காவாகவோ, மூலிகை சேர்த்து மறுபடி வடித்து ஜின்னாகவோ விற்கின்றன. சட்டப்படி அது சரிதான். ஆனால் பண்ணை உரிமத்தில் இருந்துகொண்டு அயோவா மக்காச்சோளத்தின் எத்தனாலை அப்படிப் பயன்படுத்த முடியாது. என் கருத்தைக் கேட்டால், பண்ணை உரிமம்தான் நல்லது. கோதுமை மாதிரி இருக்கும் ரை தானியத்தை உள்ளூர் விவசாயியிடம் வாங்கி, அவர் பெயரைச் சொல்லி விற்கும்போது வாங்குபவர் முகத்தில் வரும் ஆர்வத்தை நேரில் பார்த்திருக்கிறேன். எம்பயர் ரை என்ற பெயரில் நியூயார்க் வடிசாலைகள் கூடி 2015-இல் ஒரு தரத்தையே வகுத்தன: தானியத்தில் 75 சதவீதம் இந்த மாநிலத்தில் விளைந்த ரையாக இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: எவ்வளவு வடியும், எவ்வளவு வரி?

தோராயமாக 250 கிலோ தானியத்தை அரைத்து, வேகவைத்து, மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஈஸ்ட்டும் சேர்த்தால் 1,000 லிட்டர் ஊறல். நொதித்த பிறகு அதில் 8 சதவீதம் ஆல்கஹால், அதாவது 80 லிட்டர் தூய ஆல்கஹால். வடிக்கும்போது முதலில் இறங்குவதையும் கடைசியில் இறங்குவதையும் ஒதுக்கி நடுவடிப்பை மட்டும் எடுக்கிறோம். அது 56 லிட்டர் என்று வைத்தால், 40 சதவீதத்துக்குத் தண்ணீர் சேர்த்தபின் 140 லிட்டர், 750 மில்லி புட்டிகளாக 186. மூன்று நான்கு நாள் உழைப்புக்கு இவ்வளவுதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் 200 லிட்டர் வாலையோடு தொழிலில் இறங்குபவர்கள் இரவு பகலாக உழைத்தும் வாடகை கட்ட முடியாமல் தவிப்பார்கள். என் அனுபவத்தில் 1,000 லிட்டருக்குக் குறைந்த வாலை பொழுதுபோக்குக்குத்தான் சரி.

முதல் வடிப்பு பற்றி நம்மிடையே ஒரு பயம் உண்டு, மெத்தனால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. அங்கே கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். முறையாக நொதித்த தானிய ஊறலில் மெத்தனால் மிகச் சிறிய அளவில்தான் உருவாகிறது. முதல் வடிப்பை ஒதுக்குவது பெரும்பாலும் அசிட்டால்டிஹைடு, எத்தில் அசிடேட் போன்றவற்றின் காரத்தையும் நெடியையும் நீக்கத்தான். பழங்களில் பெக்டின் இருப்பதால் அவற்றிலிருந்து வடிப்பவர்கள் மெத்தனால் அளவைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும்.

வரிக்கு வருவோம். அளவுகோல் ப்ரூஃப் கேலன். 50 சதவீத ஆல்கஹால் உள்ள ஓர் அமெரிக்க கேலன், அதாவது 3.785 லிட்டர், ஒரு ப்ரூஃப் கேலன். முழு வரி ப்ரூஃப் கேலனுக்கு 13.50 டாலர். 2018 முதல் தற்காலிகமாகவும் 2020 டிசம்பரில் நிரந்தரமாகவும் வந்த சலுகையின்படி, ஆண்டின் முதல் 1 லட்சம் ப்ரூஃப் கேலனுக்கு 2.70 டாலர் மட்டுமே. 40 சதவீதத்தில் ஒரு 750 மில்லி புட்டி ஏறக்குறைய 0.1585 ப்ரூஃப் கேலன். முழு வரி 2.14 டாலர் ஆகும் இடத்தில் நீங்கள் கட்டுவது 43 சென்ட். இந்தச் சலுகைதான் சிறு வடிசாலைகளை உயிரோடு வைத்திருக்கிறது.

இப்போது ஈட்டுப் பத்திரத்தின் 50,000 டாலர் எல்லைக்குத் திரும்புங்கள். 2.70 டாலர் வீதம் அந்த எல்லையைத் தொட ஆண்டுக்கு 1,16,000 புட்டிகளுக்கு மேல் வடிக்க வேண்டும்.

மாநில வரியை மறந்துவிடாதீர்கள். 24 சதவீதத்துக்கு மேற்பட்ட மதுவுக்கு நியூயார்க் மாநிலம் லிட்டருக்கு 1.70 டாலர் வாங்குகிறது. ஒரு புட்டிக்கு 1.27 டாலருக்கு மேல், மத்திய வரியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. விலைப் பட்டியலைத் தயாரிக்கும்போது இதை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

விஸ்கி வடிக்க ஆசை இருந்தால் காலத்தையும் கணக்கில் எடுங்கள். 53 கேலன் பீப்பாய் ஒன்றிலிருந்து தோராயமாக 200 புட்டிகள் கிடைக்கும். ஆண்டுதோறும் சில சதவீதம் ஆவியாகிப் போகும். அந்தக் காத்திருப்பில் ஜின்னோ வோட்காவோ விற்றுத்தான் சம்பளம் கொடுக்க வேண்டும். பீப்பாயில் இருக்கும்வரை வரி இல்லை என்பது மட்டும் ஆறுதல். ஆலையின் எல்லையைத் தாண்டும்போதுதான் அது கட்ட வேண்டியதாகிறது.

ஆறாம் படி: பெயரும் லேபிளும்

லேபிள் வேலையை மத்திய அனுமதி வந்த மறுநாளே தொடங்கலாம். ஆனால் பெயரை அதற்கு ஓராண்டு முன்பே வணிகச் சின்னப் பதிவேட்டில் தேடுங்கள். மதுவுக்கு வகுப்பு 33. ஒயின், பீர் பெயர்களோடு மோதினாலும் பிரச்சினை வரலாம், அவற்றையும் பாருங்கள்.

ஒவ்வொரு லேபிளுக்கும் டி.டி.பி.யின் ஒப்புதல் வேண்டும். சுவையூட்டிய வோட்கா, லிக்யூர் போன்றவற்றுக்கு அதற்கு முன் செய்முறைக்கே தனி ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர், மதுவின் வகை, ஆல்கஹால் அளவு மூன்றும் புட்டியைத் திருப்பாமல் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கர்ப்பிணிகள் பற்றியும் வாகனம் ஓட்டுவது பற்றியும் எச்சரிக்கும் வாசகம் 1988-இல் வந்த சட்டத்தின்படி ஒரு சொல்கூட மாறாமல் இருக்க வேண்டும்.

வகைப் பெயர்களுக்குப் பின்னால் கடுமையான வரையறைகள் இருக்கின்றன. பர்பன் என்று போட வேண்டுமானால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம், வடிக்கும்போது ஆல்கஹால் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் கூடாது, பீப்பாய் உள்ளே கருக்கப்பட்ட புது ஓக் மரமாக இருக்க வேண்டும். கென்டக்கியில்தான் வடிக்க வேண்டும் என்பதில்லை, அமெரிக்காவில் எங்கும் வடிக்கலாம். 2 ஆண்டு இருந்தால் ஸ்ட்ரெய்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். 4 ஆண்டுக்குக் குறைந்தால் வயதைக் கட்டாயம் போட வேண்டும். 2025 ஜனவரி முதல் அமெரிக்கன் சிங்கிள் மால்ட்டுக்கும் இப்படி ஒரு வரையறை நடைமுறைக்கு வந்திருக்கிறது.

தொடக்கத்தில் பலர் இண்டியானா போன்ற மாநிலங்களின் பெரிய ஆலைகளில் வடித்த விஸ்கியை வாங்கித் தங்கள் லேபிளில் விற்கிறார்கள். செய்யலாம். ஆனால் வேறு மாநிலத்தில் வடித்த விஸ்கி என்றால் அந்த மாநிலத்தின் பெயர் லேபிளில் இருந்தாக வேண்டும். சின்ன எழுத்தில் மறைத்து, பின்னால் "எங்கள் பள்ளத்தாக்கின் கைவண்ணம்" என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. வாங்குபவர் நம்பி வருகிறார். முன் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, எங்கள் சொந்த விஸ்கி பீப்பாயில் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

எங்கள் முதல் லேபிள் திரும்பி வந்ததற்குக் காரணம் எச்சரிக்கை வாசகத்தின் முதல் இரண்டு சொற்களை வடிவமைப்பாளர் அழகுக்காகச் சிறிய எழுத்தாக மாற்றியதுதான். அவை பெரிய எழுத்திலும் தடித்த எழுத்திலும்தான் இருக்க வேண்டும். ஒப்புதல் வருவதற்குள் 5,000 லேபிள் அச்சாகியிருந்தது. ஒப்புதல் கையில் வரும்வரை அச்சகத்துக்குப் போகாதீர்கள்.

ஏழாம் படி: கதவு திறந்த பிறகு

அன்றாட வேலையில் வடிப்பதைவிட அளப்பதும் எழுதுவதும் அதிகம். எத்தனை கிலோ தானியம் உள்ளே போனது, எவ்வளவு வடிந்தது, எந்தப் பீப்பாயில் எவ்வளவு, புட்டியில் அடைக்கும்போது எவ்வளவு சிந்தியது என எல்லாம் ப்ரூஃப் கேலனில் ஏற வேண்டும். ஆல்கஹால் வெப்பத்தில் விரியும் என்பதால் அளவுகள் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குத் திருத்தப்பட வேண்டும். நல்ல ஹைட்ரோமீட்டருக்கும் வெப்பமானிக்கும் செலவழிக்கத் தயங்காதீர்கள். கணக்குகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். டி.டி.பி. ஆய்வாளர் சொல்லாமல் வந்து நின்றால் ஏட்டில் இருக்கும் பீப்பாயும் அறையில் இருக்கும் பீப்பாயும் ஒத்துப்போக வேண்டும். நாங்கள் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை எல்லாப் பீப்பாய்களையும் எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்.

ஆண்டு வரி 50,000 டாலரைத் தாண்டாதவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்டலாம், காலாண்டு முடிந்த 14 நாளுக்குள். வரி அறிக்கை வேறு, செயல்பாட்டு அறிக்கை வேறு. நான் கணக்குப் பார்த்த ஆண்டுகளில் வடித்தது, சேமித்தது, அடைத்தது என்று மாதம் மூன்று படிவங்கள் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் போக வேண்டியிருந்தது. ஒரு ஜனவரியில் கொதிகலன் பழுதாகி, உதிரிபாகம் வர நாளாகி, மாதம் முழுக்க வாலை குளிர்ந்தே கிடந்தது. பிப்ரவரி 15-க்குள் அந்த மாதத்துக்கும் மூன்று படிவங்கள் போயின, வடித்த அளவு என்ற கட்டத்தில் 0 என்று எழுதி.